மேடுபள்ளமான விசைப்பலகை

கொத்தனார் தளம் இடும்பொழுது ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். தச்சர் பலகையை இழைத்து முடித்ததும், அதன் ஒரு முனையை முகத்துக்கு நேரே உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் நெடுக நோக்குவார். மயிரிழை அளவு மேடு இருப்பினும் அந்நோக்குக்கு அது தப்புவதில்லை. இவ்விருவரும் பல்லாண்டுப் பழக்கத்தால் அறிந்த உண்மை ஒன்று உண்டு. மேற்பரப்பில் மேடு தோன்றுமாயின், குறை பெரும்பாலும் மேற்பரப்பில் இராது. அதற்கு அடியிலேயே இருக்கும். தளத்தின் கீழே மண் இறங்கியிருக்கும்; அல்லது மரத்தின் உள்ளே ஈரம் தங்கியிருக்கும்.

இந்நாளில் மாணவரும் ஆசிரியரும் வணிகரும் நாள்தோறும் கையாளும் மடிக்கணினிக்கும் இவ்வுண்மை பொருந்தும். லேப்டாப் என்று யாவரும் வழங்கும் அக்கருவியின் விசைப்பலகை, புதிதாய் இருக்கும்போது காற்றில்லாத குளத்து நீர்போல் சமமாக இருக்கிறது. நாளடைவில் ஒரு விசை மட்டும் தலைதூக்கும். அல்லது ஓரம் முழுவதும் உயரும். சில கருவிகளில் நடுப்பகுதியே முதுகு வளைந்தாற்போல் மேலெழும். அதனை அழுத்திச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுதல் இயற்கை. ஆனால், ஒரோவழி அவ்வழுத்தமே பெருந்தீங்குக்கு வாயிலாகும்.

என் நண்பர் ஒருவர் தமிழாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். தம் ஊரைச் சுற்றியுள்ள உழவர்கள் ஏர், நீர், நிலம் ஆகியவை பற்றி வழங்கும் சொற்களை நான்கு ஆண்டுகளாகத் தொகுத்து, ஒரு மடிக்கணினியில் பதிந்து வந்தார். அக்கணினி அவருடைய மேசையின்மேல், மேற்குச் சாளரத்தின் அருகே, இரவும் பகலும் மின்னிணைப்பிலேயே இருக்கும். ஒருநாள் அவர் தொலைபேசியில் என்னை அழைத்து, "ஐயா, விசைப்பலகையின் நடுவில் மேடு ஒன்று எழுந்துள்ளது. வெயிலால் பலகை வளைந்துவிட்டது போலும். சுருண்ட காகிதத்தை நிமிர்த்துவதுபோல், நேற்றிரவு இரண்டு பேரகராதிகளை அதன்மேல் ஏற்றி வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் மேடு சிறிதும் தணியவில்லை. இன்றிரவு அம்மிக்கல்லை வைக்கலாமா என்று பார்க்கிறேன்" என்றார். அவர் நகைச்சுவையாகப் பேசுபவர். ஆயினும் அம்மிக்கல்லைப் பற்றி மெய்யாகவே சொல்லியிருக்கவும் கூடும். "எதனையும் வைக்க வேண்டா, அகராதிகளையும் மீண்டும் வைக்க வேண்டா. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கணினியை முழுதும் அணைத்து வையுங்கள். இதோ வருகிறேன்" என்று கூறிப் புறப்பட்டேன்.

நான் அவ்வாறு விரைந்ததன் காரணம் விளங்க வேண்டுமாயின், விசைப்பலகை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரு விசையில் நம் கண்ணுக்குத் தெரிவது அதன் தொப்பி மட்டுமே. எழுத்துப் பொறித்த அந்தப் பிளாஸ்டிக் தொப்பியின் கீழே, இரண்டு சிறு சட்டங்கள் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள்போல் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கின்றன. அவற்றின் மேல்முனைகள் தொப்பியிலும், கீழ்முனைகள் அடித்தகட்டிலும் சிறு கொக்கிகளால் மாட்டப்பட்டிருக்கும். தொப்பியின் எந்த மூலையில் விரல் பட்டாலும், நான்கு மூலைகளும் ஒருங்கே இறங்குமாறு செய்வது இக்கத்தரியின் வேலை. நடுவில் ரப்பர்க் குமிழ் ஒன்று, கவிழ்த்த கிண்ணம்போல் அமர்ந்துள்ளது. விரல் அழுத்தும்போது அது மடங்குகிறது. விரலை எடுத்ததும் நிமிர்ந்து தொப்பியை மேலே தள்ளுகிறது. குமிழுக்கும் அடியில் மூன்று மெல்லிய பிளாஸ்டிக் ஏடுகள் அடுக்கப்பட்டுள்ளன. மேலேட்டிலும் கீழேட்டிலும் மின்சாரத்தைக் கடத்தும் மையால் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். நடுவேட்டில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு துளை உண்டு. குமிழ் அழுந்தியதும், அத்துளையின் வழியே மேலேட்டுக் கோடும் கீழேட்டுக் கோடும் தொட்டுக்கொள்கின்றன. எந்தக் கோடு எந்தக் கோட்டைத் தொட்டது என்பதைக் கொண்டு, அழுந்திய விசை இன்னது எனக் கணினி அறிகிறது.

இவை அனைத்தையும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தாங்கி நிற்கிறது. அத்தகட்டின் கீழே இருப்பது யாது? பல கருவிகளில், நாம் மணிக்கட்டை வைக்கும் இடத்துக்கும் விசைகளின் முன்வரிசைகளுக்கும் நேர் அடியில், பேட்டரி எனப்படும் மின்கலம் இருக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்க.

மேசைக் கணினிக்குரிய பெரிய விசைப்பலகைகளில் விசை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் வரை இறங்குவது உண்டு. மடிக்கணினியிலோ அது பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். ஆதலின், அங்கே கண்ணுக்குப் படாத அரை மில்லிமீட்டர் மேடும் இங்கே விரலுக்குத் தெரிந்துவிடும். இந்தச் சிறு உயரத்தையும் மேலும் குறைக்க முயன்றோர் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2015ஆம் ஆண்டில், கத்தரிக்கு மாறாக, வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரிந்து மடங்கும் வேறோர் அமைப்பைத் தன் மடிக்கணினி ஒன்றில் புகுத்தியது. விசைகள் ஆடாமல் சமமாய் நின்றன. பலகையும் மிக மெலிந்தது. ஆனால், சிறு தூசி புகுந்தாலும் சில விசைகள் இயங்க மறுத்தன. சில ஒருமுறை தட்டினால் இருமுறை எழுதின. வாங்கியோர் முறையிடவே, அந்நிறுவனம் 2018ஆம் ஆண்டில் அவ்விசைப்பலகைகளை இலவசமாகப் பழுது நீக்கித் தரும் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் புதிய கருவியொன்றில் மீண்டும் கத்தரிக்கே திரும்பியது. தூசி நிறைந்த நம் தெருக்களை நினைக்கும்போது, சற்றுத் தடித்த பலகையே நமக்கு நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

விசைகள் சமமாய் இருத்தல் அழகுக்காக மட்டும் அன்று. பலகையைப் பாராமல் எழுதுவோரின் சுட்டுவிரல்கள், எஃப், ஜே என்னும் இரண்டு விசைகளின் மேலுள்ள சிறு புடைப்புகளைத் தடவித் தம் இடத்தை அறிகின்றன. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசையமைப்பில், அந்த இடச் சுட்டுவிரலின் கீழே மெய்யெழுத்துக்குரிய புள்ளியும், வலச் சுட்டுவிரலின் கீழே பகரமும் அமைந்துள்ளன. புள்ளிக்குரிய விசை சரியாக இறங்காவிடின், 'மண்' என எழுதக் கருதியது 'மண' என நின்றுவிடும். சொற்களைத் தொகுப்பவருக்கு இதனினும் பெரிய இடர் வேறு இல்லை. என் நண்பரும் மேட்டை முதலில் கண்ணால் காணவில்லை. தாம் பதிந்த சொற்களில் அங்கங்கே புள்ளி விடுபடுவதைக் கண்ட பின்னரே பலகையைக் குனிந்து நோக்கினார்.

குறை எங்கே உள்ளது என்று காண்பதற்குத் தச்சரின் வழியே சிறந்தது. கணினியை அணைத்துச் சார்ஜரை நீக்கிவிட்டு, சமமான மேசையின்மேல் திறந்து வைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் சாளரமோ விளக்கோ இருக்க, மறுபக்கத்தில் நின்று, கண்ணை விசைகளின் மட்டத்துக்குத் தாழ்த்தி நெடுகப் பார்க்க வேண்டும். பிறகு, வகுப்பில் பயன்படும் 30 சென்டிமீட்டர் அளவுகோலின் விளிம்பு விசைகளின்மேல் படுமாறு மெல்ல வைத்தால், ஒளி புகும் இடம் பள்ளம் என்றும், கோல் இருபுறமும் ஊசலாடும் இடம் மேடு என்றும் விளங்கும். அதன்பின் கணினியின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். கருவி ஆடுமாயின், அடியிலுள்ள ரப்பர்க் கால்களில் ஒன்று கழன்று விழுந்திருக்கக் கூடும். அப்படியாயின் விசைப்பலகைக்குக் குறை ஒன்றும் இல்லை. புதிய கால் ஒட்டினால் போதும். கால்கள் அனைத்தும் இருந்தும் ஆடுமாயின், கருவியின் வயிறே புடைத்துள்ளது எனக் கொள்ள வேண்டும். இச்சோதனைகள் எவற்றிலும் அழுத்துதல் கூடாது, தொடுதலே போதும்.

ஒரே ஒரு விசை மட்டும் உயர்ந்தோ சாய்ந்தோ நின்றால் அஞ்ச வேண்டுவதில்லை. உணவுத் துணுக்கோ மணலோ தொப்பியின் அடியில் புகுந்திருக்கலாம். அல்லது கத்தரியின் ஒரு கொக்கி கழன்றிருக்கலாம். அணைத்த கணினியைச் சாய்த்துப் பிடித்து, காற்றூதும் சிறு ரப்பர்ப் பந்தினால் ஊதினால் துணுக்கு வெளிவரும். வாயால் ஊதுவோர் எச்சில் துளியையும் உள்ளே அனுப்புவர். அதற்கும் இணங்காவிடின், தொப்பியை மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் ஒரு மூலையிலிருந்து நெம்பிக் கழற்ற வேண்டும். கொக்கிகள் எப்பக்கம் உள்ளன என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். ஆதலின், எந்தப் பக்கம் எளிதில் எழுகிறதோ அந்தப் பக்கமே எழுப்புக. வலிந்து இழுத்தால் நெல்லுமி அளவேயான கொக்கி ஒடிந்துவிடும். ஒடிந்த கொக்கியை எந்தப் பசையும் ஒட்டாது. கத்தரியின் இரு சட்டங்களும் பொருந்தியுள்ளனவா, ரப்பர்க் குமிழ் இடம் பெயர்ந்துள்ளதா என்று பார்த்துச் சரிசெய்த பின், தொப்பியை நேராக வைத்து மெல்ல அழுத்தினால் 'டக்' என்னும் ஓசையோடு அமர்ந்துகொள்ளும்.

இடம்விடும் நீண்ட விசை இதற்குச் சற்றே வேறுபட்டது. அதன் ஒரு முனையை அழுத்தினால் மறு முனை மேலெழாதிருக்கும் பொருட்டு, தொப்பியின் அடியில் இருமுனையும் மடங்கிய மெல்லிய கம்பி ஒன்று பூட்டப்பட்டிருக்கும். துடைப்பதற்காகக் கழற்றியவர்கள் அக்கம்பியின் முனைகளை உரிய காதுகளில் முதலில் நுழைக்காமல் தொப்பியை மட்டும் அழுத்திவிடுகின்றனர். பிறகு, விசை ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் தூக்கி நிற்கிறது என்று குறை கூறுகின்றனர்.

ஓரத்தில் ஒரு வரிசை உயர்ந்திருக்குமாயின், பெரும்பாலும் யாரோ கருவியைத் திறந்து மூடியிருப்பர். பழைய கருவிகள் பலவற்றில் விசைப்பலகை தனியாகக் கழலும். அதன் ஓரத்தில் உள்ள தகட்டு நாக்குகள் உறையின் பள்ளங்களில் நுழைய வேண்டும். அவற்றில் ஒன்று நுழையாமல் வெளியே நின்றாலும் அவ்வோரம் மேடாகும். பலகையைக் கணினியோடு இணைக்கும் நாடா மடிந்து அடியில் சிக்கினாலும் அவ்வாறே. இனித் திருகாணியின் செய்தி. ஒருமுறை நான் என் கணினியின் அடிமூடியைத் தூசி துடைப்பதற்காகத் திறந்தேன். கழற்றிய திருகாணிகள் அனைத்தையும் ஒரே கிண்ணத்தில் போட்டேன். அவற்றுள் சில நீளமானவை, சில குட்டையானவை என்பதை நான் கவனிக்கவில்லை. குட்டைத் திருகாணிக்குரிய துளையில் நீளமானதை இட்டுத் திருப்புளியால் முறுக்கியபோது சற்றே இறுக்கமாய் இருந்தது. என் கைவலிமையை நானே மெச்சிக்கொண்டேன். திருப்பி வைத்துப் பார்த்தால், மேல்வரிசையில் ஒரு விசையின் அருகே பருப்போல் புடைப்பு ஒன்று எழுந்திருந்தது. உடனே அதைக் கழற்றியதால் புடைப்பு தணிந்தது. அது மின்சுற்றுப் பலகையைத் துளைக்காமற் போனது என் நற்பேறு. அன்றுமுதல் அடிமூடியின் வடிவத்தை ஓர் அட்டையில் வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்திலேயே குத்தி வைக்கிறேன்.

இக்காலத்து மெல்லிய கருவிகளில் விசைப்பலகை மேலுறையோடு சேர்த்து, உருக்கிய பிளாஸ்டிக் முளைகளால் நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். அம்முளைகள் விட்டுப்போனால் பலகை எழுதும்போது துள்ளும். இதனைப் பழகியவரிடம் விடுதலே நன்று.

இனி நண்பரின் வீட்டுக்கு வருவோம். கணினி அணைந்து கிடந்தது. கண்ணைத் தாழ்த்தி நோக்கினேன். விசைகளில் குறை இல்லை. கீழ்வரிசைகளின் நடுப்பகுதி முழுவதும் வில்போல் வளைந்திருந்தது. சுட்டியை நகர்த்தும் தொடுபலகையின் ஓரமும் உறையைவிட உயர்ந்து நின்றது. மூலையைத் தொட்டதும் கருவி தொட்டில்போல் ஆடியது. மேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது மின்கலம்தான் என்பதில் ஐயம் இருக்கவில்லை.

மடிக்கணினிக்கு ஆற்றல் தருவது லித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் இவ்வகையை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதனை உருவாக்கியமைக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். மெல்லிய கணினிகளில் இம்மின்கலம், அலுமினியப் படலம் சேர்ந்த தட்டையான பையாக அமைந்துள்ளது. அதனுள்ளே கிராஃபைட்டு பூசிய தகடும், லித்தியம் சேர்ந்த உலோக ஆக்சைடு பூசிய தகடும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு, நுண்துளைகள் நிறைந்த தாள் ஒன்று இடையே காவல் நிற்கும். எளிதில் தீப்பற்றும் கரைசல் ஒன்று இவற்றை நனைத்திருக்கும். மின்கலம் முதுமையடையுந்தோறும் அக்கரைசல் சிறிது சிறிதாகச் சிதைந்து, கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் முதலிய வாயுக்களை வெளியிடுகிறது. வெப்பம் இச்சிதைவை விரைவாக்கும். எந்நேரமும் முழு அளவு மின்னேற்றத்தோடு வைத்திருப்பதும் விரைவாக்கும். நண்பரின் மேற்குச் சாளரமும், பிடுங்கப்படாத சார்ஜரும் இவ்விரண்டையும் செய்தன. வாயு வெளியேற வழியின்றிப் பை தலையணைபோல் ஊதுகிறது. அதற்குமேல் இருக்கும் மெல்லிய தகடு வளையாமல் என்ன செய்யும்?

ஊதிய பையின்மேல் பாரம் வைத்தால் காவல்தாள் கிழியக் கூடும். கிழிந்தால் இரு தகடுகளும் நேரே தொட்டு, நொடிப்பொழுதில் கொதித்து, தீயும் நச்சுப்புகையும் எழும். இரண்டு பேரகராதிகள் ஓர் இரவு முழுவதும் அதன்மேல் இருந்தன. அறை முழுவதும் காகிதக் கட்டுகள்; அடுத்த அறையில் பேரப்பிள்ளைகள் உறங்கியிருந்தனர். இதனை எடுத்துச் சொன்னபோது நண்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒரே ஒருமுறை திறந்து, சொற்களை மட்டும் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். நான்காண்டு உழைப்பை எண்ணி அவர் அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை. "சொற்கள் மின்கலத்தில் இல்லை, தனியான நினைவகத் தகட்டில் உள்ளன. மின்கலத்தை எடுத்த பின் அவற்றை எடுத்துக்கொள்ளலாம், கணினியை இப்போது இயக்க வேண்டா" என்றேன்.

நகரில் கணினிப் பழுது நீக்கும் இளைஞர் ஒருவரை வரவழைத்தோம். அவர் கருவியை மேசையின்மேல் திறக்க மறுத்து, தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரைக்கு எடுத்துச் சென்றார். அருகில் உலர்ந்த மணல் நிறைந்த தகரப் பெட்டி ஒன்றையும் வைத்துக்கொண்டார். அடிமூடியைக் கழற்றியதும் முதலில் மின்கலத்தின் இணைப்பையே நீக்கினார். கரும்பைகள் மூன்றில் நடுவில் இருந்தது பூரிபோல் உப்பியிருந்தது. அதனை இரும்பால் நெம்பாமல், பிளாஸ்டிக் கருவியால் மெல்ல விடுவித்து மணற்பெட்டியில் இட்டார். புகையோ சீறலோ, இனிப்புக் கலந்த மருந்து நெடியோ எழுமாயின், கருவியை அவ்விடத்தே விட்டு அனைவரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும் என்று அவர் முன்னரே கூறியிருந்தார். நல்வேளையாக அவ்வாறு ஒன்றும் நேரவில்லை. இத்தகைய மின்கலத்தைக் குப்பைத்தொட்டியில் எறிவது பெருங்குற்றம். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பு அவற்றை உற்பத்தி செய்வோருக்கு உண்டு என்று இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் கூறுகின்றன. இளைஞர் அப்பெட்டியை மின்னணுக் கழிவு சேர்க்கும் இடத்தில் ஒப்படைத்தார்.

நினைவகத் தகட்டை வேறொரு கணினியில் இணைத்துப் பார்த்தபோது, உழவர் சொற்கள் அனைத்தும் அப்படியே இருந்தன. நண்பர் அவற்றை இரண்டு இடங்களில் படியெடுத்துக்கொண்ட பின்னரே தேநீர் அருந்தினார். புதிய மின்கலம் வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. அதைப் பொருத்தி மூடியபோது, எவரும் அழுத்தாமலேயே மேடு தணிந்துவிட்டது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நடுவில் நூல் அளவு ஒளி மட்டும் புகுந்தது. நெடுநாள் வளைந்திருந்த தகடு முழுதும் நிமிரவில்லை போலும். அதனையும் சரிசெய்ய வேண்டுமாயின் மேலுறையையே மாற்ற வேண்டும், செலவு மிகுதி. புள்ளி விசை ஒழுங்காக இறங்குகிறது. அது போதும் என்றார் நண்பர்.

கணினி இப்போது சாளரத்தை விட்டுச் சுவரோரம் இருக்கிறது. 80 விழுக்காட்டுக்கு மேல் மின்னேற்றம் செல்லாதவாறு நிறுத்தும் வசதி அக்கருவியில் இருந்தது. இளைஞர் அதனை இயக்கி வைத்துப் போனார். அகராதிகள் அலமாரிக்குத் திரும்பின. நண்பர் நாள்தோறும் காலையில் அமர்ந்து, நான்காண்டுச் சொற்களையும் முதலிலிருந்து படித்து, விடுபட்ட புள்ளிகளை ஒவ்வொன்றாக இட்டு வருகிறார்.